மேட்டுல ஏறுனா தான் டவர்: பண்ணைல புது போன் வெச்சிருக்கவங்க எப்படி சமாளிக்கிறீங்க?

பண்ணைக்குருவி எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தவ, இன்னைக்கு தான் மொத தடவையா எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது பெரிய மாட்டுப் பண்ணை. பக்கத்து வீடுன்னு ஒண்ணு இருக்கு ஆனா இங்கருந்து கண்ணுக்கு தெரியாது. இத்தன வருஷமும் பட்டன் போன் தான், கீழ விழுந்தா எடுத்து பாவாடைல தொடச்சிட்டு பேசலாம், ஒரு தடவ சார்ஜ் போட்டா ஒரு வாரம் தாங்கும். அந்த பழைய நெட்வொர்க்க நிறுத்தப் போறோம்னு மெசேஜ் மேல மெசேஜ் வந்ததால வேற வழியில்லாம ஸ்மார்ட்போன் வாங்கியாச்சு, மூணு வாரம் ஆகுது.

வேற வழியில்லாமன்னு சொன்னேன்ல, அது வீட்டுக்கு சொல்ற கதை. உண்மைல எனக்கு தலகால் புரியல. விடியக்காலைல மாடுங்க மூச்சு விட்டா புகை மாதிரி போகும் பாருங்க, அதுல வெயில் விழுறப்ப எடுத்து ஒரு வீடியோ போட்டேன், யாருன்னே தெரியாத ஆளுங்க எல்லாம் இதயம் போட்டாங்க. இருபது வருஷமா நான் மட்டும் பாத்துட்டு இருந்த காட்சி அது. கூட படிச்சவ ஒருத்தி எங்க இருக்கான்னே தெரியாம இருந்தேன், அவ வந்து "ஏய் நீயா"ன்னு கமெண்ட் போட்டுட்டா, அன்னைக்கு பூரா வேலையே ஓடல.

அப்புறம் ஒரு கூத்து. வேலி கம்பத்து மேல போன சாய்ச்சு வெச்சு எடுத்துட்டு இருந்தேன், தண்ணி மோட்டாரு நின்ன மாதிரி சத்தம் கேட்டுச்சேன்னு போய் பாத்துட்டு வர்றதுக்குள்ள வெள்ளச்சி, எங்க மாடுகள்லயே வாலு அவ தான், நாக்க நீட்டி போன நக்கி நக்கி எத எதயோ அமுக்கி லைவ் போட்டுட்டா. பதினோரு நிமிஷம். நாலு பேரு பாத்திருக்காங்க, முழுக்க மூக்கு ஓட்டையும் புல்லும் தான், ஒருத்தர் "இணைப்பு தெளிவா இல்லங்க"ன்னு வேற எழுதியிருக்காரு.

இப்ப கேள்விக்கு வர்றேன்.

சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. காலைல நூறோட கெளம்புனா மதியம் மேய்ச்சல் பக்கம் போயிட்டு வர்றதுக்குள்ள பதினஞ்சுல வந்து நிக்குது, இத்தனைக்கும் அங்க போன தொடறதே இல்ல. கடைல கேட்டா பேட்டரி நல்லா தான் இருக்குங்கறாங்க. வீடியோ ஏத்துறதும் பெரும்பாடு, வீட்டுக்கு பின்னாடி மேடு ஒண்ணு இருக்கு, அங்க ஏறி கைய தூக்குனா தான் டவரே, அதுலயும் தொண்ணூறு பர்சன்ட் வந்து நின்னு மறுபடி மொதல்லருந்து சுத்தும். மூணாவது ஒண்ணு, இது கேள்வியா புலம்பலான்னு தெரியல, நான் மாட்ட பாக்கறத விட போன பாக்கறது தான் ஜாஸ்தின்னு வீட்ல பேச்சு. உங்க வீட்லயும் இதே பாட்டு தானா?

டவர்தாத்தா:

பண்ணைக்குருவிம்மா, நான் டவர் ஏறுற வேலை பாத்து ரிட்டையர் ஆனவன், அதனால மொத கேள்விக்கு என்கிட்ட நேரா பதில் இருக்கு. உன் பேட்டரி மேல தப்பில்ல. டவர் தூரத்துல இருந்தா போன் கத்தி பேசணும். நாம தொடலன்னாலும் அது உள்ளுக்குள்ள டவர தேடிட்டே தான் இருக்கும், கிடைச்சா "நான் இங்க இருக்கேன்"னு முழு பவர்ல சொல்லும், 4ஜி போன் பெரும்பாலும் 200 மில்லிவாட் வரைக்கும் அனுப்பும், டவருக்கு பக்கத்துல இருக்கறவன் போனுக்கு அதுல சின்ன பங்கு கூட தேவப்படாது. தப்பிச்சா மறுபடி தேடும். காடு கழனில இருக்கறவங்க போன் சும்மா பாக்கெட்ல இருந்தே சூடாகுறதுக்கு இது தான் காரணம்.

அந்த புள்ளி புள்ளியா காட்டுற கோட்ட நம்பாத, ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு வரையுறது அது. ஆண்ட்ராய்டா இருந்தா செட்டிங்ஸ்ல போன் பத்தின பகுதில சிம் நிலைன்னு ஒண்ணு இருக்கும், அதுல டிபிஎம்னு ஒரு மைனஸ் நம்பர் வரும். மைனஸ் 85 பக்கம்னா ராஜா. மைனஸ் 110 தாண்டுனா இழுபறி. மைனஸ் 120 வந்துட்டா போன் உயிர கைல புடிச்சிட்டு இருக்குன்னு அர்த்தம். இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்கு தெரியாது, பத்து நம்பர் எறங்குனா சிக்னல் பத்துல ஒரு பங்கா ஆயிடும், இருபது எறங்குனா நூத்துல ஒரு பங்கு. அதனால பாக்க சின்ன வித்தியாசமா இருக்கும், ஆனா மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

என்ன பண்ணலாம்னா, மேய்ச்சல் பக்கம் டவரே இல்லாத எடத்துக்கு போறப்ப ஏரோப்ளேன் மோட்ல போட்டுடு. கேமரா வேலை செய்யும், இப்ப வர்ற போன்ல ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யும், ஏன்னா ஜிபிஎஸ் கேக்குறது மட்டும் தான், திரும்ப பேசாது. மேப்ப முன்னாடியே வீட்ல இறக்கி வெச்சுக்கோ. நெட் இல்லாம மொத தடவ எடம் கண்டுபிடிக்க கொஞ்சம் மொக்க போடும், சாட்டிலைட்லருந்து வர்ற தகவல் நொடிக்கு 50 பிட் தான், அரை நிமிஷமாவது வானத்த பாத்த மாதிரி நிக்கணும், பொறுமையா நில்லு.

வீட்ல ஒயர் நெட் இருந்தா ஒய்ஃபை காலிங் ஆன் பண்ணிக்கோ, உன் சிம் கம்பெனி குடுத்தா பெரிய வரம், வீட்டுக்குள்ள இருக்கறப்ப மேட்டுக்கு ஓட வேணாம். கொட்டகைக்கும் ஒய்ஃபை வேணும்னா ரெண்டு பக்கமும் ஒண்ண ஒண்ணு பாத்த மாதிரி வைக்கிற தட்டு ஆன்டெனா இருக்கு, நடுவுல மரம் கிரம் மறைக்காம இருந்தா கிலோமீட்டர் கணக்குல போகும். சாதாரண ரவுட்டர்லயே 5 கிகாஹெர்ட்ஸ விட 2.4 தான் தூரமா போகும், அத புடிச்சிக்கோ.

சிக்னல ஏத்திக் குடுக்குற பூஸ்டர்னு ஆன்லைன்ல விக்கறத கண்ணமூடிட்டு வாங்கி மாட்டிடாத. பல நாட்டுல அனுமதி இல்லாம வெச்சா சட்டப்படி குத்தம், தரமில்லாதது ஊளையிட்டு சுத்துவட்டாரத்துக்கே டவர கெடுத்து விட்டுரும், அப்படி ஒண்ண தேடி நான் ஒரு வாரம் அலைஞ்சிருக்கேன், கடைசில பாத்தா ஒருத்தர் வீட்டு கோழிக்கூண்டு மேல உக்காந்திருந்துச்சு.

நாலுகாலக்கா:

வெள்ளச்சி லைவ்வ நான் பாத்திருக்கணும் போங்க 😂 நாக்கு ஈரமா இருக்கும்ல, நம்ம வெரல் மாதிரியே அதுவும் கரன்ட் கடத்தும், அதனால தான் ஸ்க்ரீன் கேக்குது. ஆனா நம்ம கையுறை போட்டுட்டு குத்து குத்துன்னு குத்துனா கேக்காது, அநியாயம்.

தங்கச்சி வீடியோ விஷயத்துக்கு நான் சொல்றேன். கேமரா 4கேல இருக்கான்னு மொதல்ல பாரு. 4கேல ஒரு நிமிஷம் எடுத்தா என் போன்ல 170 எம்பி வருது, 1080ல எடுத்தா 60 தான். ரீல்ஸ்ல போனா எப்படியும் நசுக்கி தான் காட்டுவாங்க, அதுக்கு எதுக்கு மேட்டுல நின்னு கை வலிக்கணும். நான் பகல்ல எடுக்கறதோட சரி, எதையும் அங்கயே போடுறதில்ல, ராத்திரி வீட்டுக்கு வந்து கால நீட்டி உக்காந்து பத்துல ஒண்ண வெச்சிட்டு மிச்சத்த அழிச்சிட்டு அந்த ஒண்ண வெட்டி ஒட்டி ஒய்ஃபைல ஏத்திட்டு தூங்க போயிடுவேன், காலைல பாத்தா போயிருக்கும். இதுல இன்னொரு லாபம், அங்கயே போட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா யாரு லைக் போட்டான்னு பாக்க தோணும். நைட்டு போட்டா அந்த அரிப்பு இல்ல. தானா ஓடுற வீடியோ, வாட்ஸ்அப்ல தானா எறங்குற போட்டோ ரெண்டையும் ஆஃப் பண்ணிடு, நம்ம கொஞ்சூண்டு நெட்ட குட்மார்னிங் பூ படமே குடிச்சிரும்.

காத்து சத்தம் உன் வீடியோலயும் வருமே? மைக் போனுக்கு அடில ஒரு பொட்டு ஓட்டை, அதுக்கு மேல ஒரு துண்டு கம்பளித் துணிய ரப்பர்பேண்ட் போட்டு கட்டு. பாக்க அசிங்கமா இருக்கும், மாடு அசை போடுற சத்தம் வரைக்கும் கேக்கும்.

ராத்திரில ஃப்ளாஷ் போட்டு எடுக்காத ப்ளீஸ். அதுங்க கண்ணுக்கு பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, மங்கல் வெளிச்சத்துலயே நல்லா பாக்கறதுக்கு, அதுல பளிச்சுன்னு அடிச்சா மிரண்டு வேலில போய் விழும். அதே படலத்தால டார்ச்ச தூரத்துலருந்து தாழ்வா வீசுனா கண்ணு மட்டும் மின்னும், தொலைஞ்ச கன்ன நான் அப்படி தான் கண்டுபிடிச்சேன்.

அப்புறம் மாட்ட பாக்கறத விட போன பாக்கறன்னு சொன்னா ஒரு கதை சொல்லு வீட்ல. என் கிடேரி ஒண்ணு லேசா காலு இழுத்த மாதிரி இருந்துச்சு, எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமில்ல போன்னுட்டாரு, டாக்டரு வர ரெண்டு நாள் ஆகும். சமமான தரைல அத நடக்க விட்டு பக்கவாட்டுல நின்னு ஸ்லோமோஷன்ல எடுத்தேன், நொடிக்கு 240 படம். சாதா கண்ணுக்கு தெரியல, ஸ்லோல பாத்தா ஒவ்வொரு அடிக்கும் தலைய ஆட்டுது, முதுகு வளைஞ்சிருக்கு. அத டாக்டருக்கு அனுப்புனேன், பாத்துட்டு எந்த காலு, குளம்புல எந்த பக்கம் பாக்கணும்னு சொன்னாரு, தூக்கி பாத்தா ஒரு கல்லு ஏறி உள்ள சீழ் வெச்சிருந்துச்சு. அன்னைலருந்து எங்க வீட்டுக்காரரே "அந்த போன எடுத்துட்டு வா"ங்கறாரு.

வேலிக்காரன்_07:

மேல சொன்னதெல்லாம் சரி. நான் கொஞ்சம் கசப்பு சொல்றேன், கோச்சுக்காதீங்க.

போஸ்ட்ல லொகேஷன் போடாதீங்க. எத்தன மாடு இருக்கு, காதுத் தோட்டு நம்பர் என்ன, வண்டி எங்க நிக்குது, கேட்டுல பூட்டு இருக்கா இல்லையா எல்லாமே ஒரு நிமிஷ வீடியோல தெரிஞ்சிரும். "நாளைக்கு எல்லாரும் கல்யாணத்துக்கு போறோம்"னு ஸ்டேட்டஸ் போட்டா வேற வினையே வேணாம், போயிட்டு வந்து போடுங்க. போட்டோ எடுக்கறப்ப எடமும் அதுக்குள்ள எழுதிக்கும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா அது கழண்டுரும், ஆனா தரம் கொறையாம இருக்கட்டும்னு டாகுமெண்டா அனுப்புனா எடமும் கூடவே போகும். டாக்டருக்கு அனுப்பலாம், முன்னப்பின்ன தெரியாதவனுக்கு வேணாம். கேமரா செட்டிங்ஸ்ல அத ஆஃப் பண்ணி வெச்சிட்டா பிரச்சனையே இல்ல.

இன்னொண்ணு, கமெண்ட்ல வர்ற வைத்தியம். மாடு வயிறு உப்பிருச்சுன்னு படம் போட்டா நூறு பேரு நூறு மருந்து சொல்லுவான். வயிறு உப்புசம் எல்லாம் மணிக்கணக்கு விவகாரம், கமெண்ட் படிச்சிட்டு இருக்கற நேரத்துல போயிரும். போன் அடிக்கிறது தான் அந்த நேரத்துல போனோட வேலை.

கன்னு போடுற வீடியோவும் ஒரு தடவ போட்டேன், கயிறு கட்டி இழுத்தது. நாங்க ரெண்டு பேரும் விடியவிடிய கஷ்டப்பட்டு ரெண்டு உசுர காப்பாத்துனது, வாழ்க்கைல மாட்டயே தொடாதவன் எல்லாம் வந்து கொலைகாரன்னு எழுதிட்டான். ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு. அதுலருந்து அந்த மாதிரி எதயும் நாலு பேரு இருக்கற எங்க குரூப்ல மட்டும் தான்.

சும்மாவந்தேன்:

நான்லாம் போன வீட்லயே வெச்சிட்டு போயிடுவேன். நிம்மதி. மாட்டோட இருக்கறப்ப மாட்டோட இருக்கணும் ப்ரோ.

நாலுகாலக்கா:

@சும்மாவந்தேன் தம்பி அது பேசறதுக்கு நல்லா இருக்கும். தனியா போறப்ப நாலு சக்கர பைக் கவுந்தா என்ன பண்ணுவ? போன் உடம்புல தான் இருக்கணும், வண்டில மாட்டி வெச்சா வண்டி ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் கெடப்ப. மேல் பாக்கெட்ல பட்டன் போட்டு வை. பாக்காத, ஆனா எடுத்துட்டு போ.

டவர்தாத்தா:

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. இன்னும் ஒண்ணு சேத்துக்கறேன், உன் சிம்முக்கு டவர் இல்லன்னாலும் அவசர நம்பர் அடிச்சா பெரும்பாலான எடத்துல எந்த கம்பெனி டவர் கிடைக்குதோ அது வழியா போகும். அதனால "நோ சர்வீஸ்"னு இருந்தாலும் அடிச்சு பாக்கணும், ஏரோப்ளேன் மோட எடுத்துட்டு. ஐபோன் 14 வந்தப்ப, 2022ல, டவரே இல்லாம சாட்டிலைட் வழியா உதவி கேக்கற வசதிய கொண்டுவந்தாங்க, அதுக்கப்புறம் வேற சில போன்லயும் வந்துருச்சு. எல்லா நாட்டுலயும் கிடையாது, உன் எடத்துல உண்டான்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கோ. வானம் தெறந்து இருக்கணும், அனுப்ப முடியறது எழுத்து மட்டும் தான், ரீல்ஸ் ஏறாது 😀

வீட்டுக்கு ஒயரே வராதவங்களுக்கு சாட்டிலைட் நெட் இருக்கு. பழைய முறைல சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் மேல நிக்கும், பேசுனா அரை நொடிக்கு மேல கழிச்சு தான் பதில் வரும், வீடியோ கால்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்துவாங்க. ஸ்டார்லிங்க் மாதிரி வர்றது 550 கிலோமீட்டர் பக்கத்துல சுத்துறது, அந்த தொல்லை இல்ல.

வேலிக்காரன்_07:

போன் தண்ணி தொட்டில விழுற கதைய யாரும் இன்னும் சொல்லலயே. ஐபி68ன்னு போட்டிருந்தா தண்ணில விழுந்தா தாங்கும், அதுவும் சுத்தமான தண்ணில சோதிச்சது, புது போன்ல. சாணி ஆச்சேன்னு பிரஷர் பைப்ல பீச்சி கழுவிடாதீங்க, விழுறதுக்கு தாங்குறது வேற பீச்சுறதுக்கு தாங்குறது வேற, பீச்சுறதுக்கு தனி நம்பர், ஐபி69ன்னு இருக்கும். மடி கழுவுற மருந்துத் தண்ணி, சோப்பு எல்லாம் ரப்பர தின்னுரும். அரிசில போட்டு வைக்கிறதும் வேஸ்ட், தூளு போய் சார்ஜ் ஓட்டைல அடைச்சிக்கும். தலகீழா லேசா தட்டி காத்துல வெச்சு, காயுற வரைக்கும் சார்ஜ் போடாம இருந்தா போதும்.

வெயில்ல டிராக்டர் கண்ணாடிக்கு முன்னாடி வெச்சிட்டு போறதும் தப்பு. 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்துனா பேட்டரி சீக்கிரம் மண்டைய போடும். சூடாச்சுன்னு ஃப்ரிட்ஜ்ல வெக்கிற அறிவாளி ஒருத்தன் எங்க வீட்ல இருக்கான், உள்ள வேர்த்து தண்ணி கட்டிரும்டான்னு சொன்னா கேக்க மாட்டேங்கறான்.

பண்ணைக்குருவி:

ஐயோ இவ்ளோ பேரு இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனைக்கல. ஒரு வாரம் எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டு வரேன்னு தான் பதில் போடாம இருந்தேன், கோச்சுக்காதீங்க.

தாத்தா, மேய்ச்சல்ல ஏரோப்ளேன் மோட் போட்டு நேத்து சாயந்திரம் திரும்புறப்ப 61 இருந்துச்சு. அறுபத்தொண்ணு! எங்க வீட்டுக்காரருகிட்ட காட்டுனேன், அவருக்கு ஒண்ணும் புரியல, சரின்னாரு.

அக்கா, கம்பளித் துணி கட்டுன வீடியோ போட்டேன், வெள்ளச்சி அசை போடுறது மட்டும் நாப்பது செகண்டு, வேற ஒண்ணுமே இல்ல. இதுவரைக்கும் நான் போட்டதுலயே அதுக்கு தான் கூட்டம், ஒருத்தர் ராத்திரி தூக்கம் வரலன்னா இத போட்டு தான் தூங்கறேன்னு எழுதியிருக்காரு. ராத்திரில ஏத்திட்டு படுக்கறது நல்லா வேலை செய்யுது, ஆனா காலைல எந்திரிச்ச உடனே பல்லு வெளக்காம பாக்கறேன், அத நிறுத்த முடியல, பாப்போம்.

வேலிக்காரன் அண்ணே, நீங்க சொன்னத படிச்சிட்டு பழைய போஸ்ட் எல்லாம் போய் பாத்தேன். மூணுல எங்க கேட்டு பூட்டு தெளிவா தெரியுது, ஒண்ணுல மேல வர்ற வழிய நானே வாயால சொல்லியிருக்கேன். எடுத்துட்டேன். அந்த கன்னு வீடியோ விஷயம் படிச்சப்ப மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு அண்ணே, அந்த ரெண்டு உசுரும் இப்ப நல்லா இருக்கா?

வீட்டு புலம்பல் மட்டும் அப்படியே தான் இருக்கு. ஆனா நேத்து எங்க மாமியாரு மெதுவா பக்கத்துல வந்து உக்காந்து, அந்த தூக்கம் வராத ஆளு இன்னைக்கு என்ன எழுதியிருக்காருன்னு கேட்டாங்க.

வேலிக்காரன்_07:

ரெண்டும் ஜம்முன்னு இருக்கு தங்கச்சி. கன்னு இப்ப என்னைய முட்டுது.

டவர்தாத்தா:

சந்தோஷம்மா. அந்த மேட்டுல என்ன நம்பர் காட்டுதுன்னு பாத்தியா? சொன்னா எந்த பக்கம் டவர் இருக்குன்னு ஒரு குத்துமதிப்பா பாத்து தட்டு எங்க வைக்கலாம்னு சொல்றேன். நாலு பக்கமும் திரும்பி நின்னு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிமிஷம் விட்டு குறிச்சுக்கோ, உன் உடம்பே கொஞ்சம் மறைக்கும், அதுலயே தெசை தெரிஞ்சிரும்.

பண்ணைக்குருவி:

மேட்டு உச்சில மைனஸ் 97 தாத்தா, வீட்ட பாத்து திரும்புனா 104. தண்ணி தொட்டி பக்கம் 118. கொட்டகை வாசல்ல மட்டும் இன்னும் எடுக்கல, மூணு தடவ போனேன், மூணு தடவயும் வெள்ளச்சி நம்பர் வர்றதுக்குள்ள நக்கிடறா.